பேப்பர் கப் மிஷினுக்குக் கடன் வாங்கலாமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கிராமங்களில் இருந்து இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை காகிதத்தைப் பற்றியவை. தொழில் தொடங்க நினைக்கும் மகளிர் குழு, தர்பூசணி விவசாயி, சவுக்கு விவசாயி, தென்னந்தோப்புக்காரர், வீட்டில் பழைய நோட்டுகள் குவிந்து கிடக்கும் குடும்பத்தலைவி என்று கேட்டவர்கள் வேறு வேறு. ஆனால், எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: பார்க்கக் காகிதம் போல இருப்பதெல்லாம் காகிதமா?

''திருக்கழுக்குன்றம் அருகே மகளிர் சுய உதவிக்குழு நடத்துகிறோம். மாமல்லபுரத்தில் உள்ள டீக்கடைகளுக்கு பேப்பர் கப் தயாரித்துக் கொடுத்தால் நல்ல லாபம் கிடைக்கும் என்று மிஷின் விற்பவர் ஒருவர் சொல்கிறார். 'இது பிளாஸ்டிக் இல்லை, தடையும் இல்லை. தயாரிக்கும் கப்பை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன்' என்கிறார். குழுவின் பெயரில் வங்கிக் கடன் வாங்கலாமா?''

வாங்க வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஒரு முறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை விதித்து, 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு இரண்டும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. தயாரிப்பது, இருப்பு வைப்பது, விற்பது, பயன்படுத்துவது எல்லாமே தடைக்குள் வரும். கப் தயாரிப்பாளர்கள் இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதம் உச்ச நீதிமன்றம், பேப்பர் கப் மீதான தமிழக அரசின் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

மிஷின் விற்பவர்கள் 'தடை இல்லை' என்று சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி முதல் நாடு முழுவதும் தடை செய்த பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் கப், தட்டு, கரண்டி, ஸ்ட்ரா போன்றவை இருக்கின்றன. பேப்பர் கப் இல்லை. அந்தப் பட்டியலை மட்டும் காட்டிப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் தொழில் செய்கிறவர்களுக்கு மாநில அரசின் ஆணையும் பொருந்தும் என்பதைச் சொல்வதில்லை. கடையில் பேப்பர் கப் தாராளமாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். விற்கிறார்கள் என்பதால் அது அனுமதிக்கப்பட்ட பொருளாகிவிடாது. அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் சரக்கு பறிமுதலாகும். ஆனால், கடன் தவணை நிற்காது.

சரி, பேப்பர் கப்பில் பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது? ஒரு கப்பை எடுத்துக் கிழித்து, இரவு முழுக்க வெந்நீரில் ஊறவைத்து, காலையில் விரலால் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். காகிதம் கூழாகக் கரைந்து வரும். உள்பக்கத்தில் இருந்து கண்ணாடி போல மெல்லிய தாள் ஒன்று தனியாகப் பிரியும். அதுதான் பாலிதீன். காகிதம் தண்ணீரைக் குடிக்கும் பொருள். அதில் சூடான டீயை ஊற்றினால் ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பூச்சு.

கரக்பூர் ஐ.ஐ.டி ஆராய்ச்சியாளர்கள் 2020-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கப்பில் 100 மில்லி சூடான நீரை ஊற்றி 15 நிமிடங்கள் வைத்திருந்தபோது, சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்ததாகக் கண்டறிந்திருக்கிறார்கள். குடிப்பவருக்கு இந்தப் பிரச்னை என்றால், தூக்கிப் போட்ட பிறகு வேறு பிரச்னை. பழைய பேப்பர் கடையில் செய்தித்தாளை எடைக்கு எடுப்பார்கள். அட்டைப் பெட்டியை எடுப்பார்கள். பேப்பர் கப்பை எடுக்க மாட்டார்கள். காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரிப்பது சாதாரண காகித ஆலைக்குக் கட்டுப்படியாகாது. அதனால், கப் குப்பை மேட்டுக்குத்தான் போகும். கடலோரத்தில் அங்கிருந்து காற்றிலும் மழையிலும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடற்கரைக்கும் போய்ச் சேரும். சாம்பார் ஒட்டிய தட்டையும் பால் ஒட்டிய கப்பையும் தெருவில் மேயும் மாடுகள் தின்னும். காகிதம் செரித்துவிடும், பிளாஸ்டிக் வயிற்றிலேயே தங்கும். கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதன் விலை தெரியும்.

'எங்கள் கப்பில் தாவரத்தில் இருந்து எடுத்த பூச்சு' என்று சிலர் சொல்வார்கள். சோள மாவில் இருந்து தயாரிக்கப்படும் அத்தகைய பூச்சுகள் இருப்பது உண்மைதான். ஆனால், அவற்றில் பெரும்பாலானவை 60 டிகிரி அளவுக்கு வெப்பம் நீடித்து இருக்கும் தொழிற்சாலை உரக்கூடங்களில்தான் மட்கும். வீட்டு எருக்குழியில் அப்படியே கிடக்கும். அப்படிச் சொல்பவரிடம், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழைக் கேட்க வேண்டும். அந்தச் சான்றிதழை மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் காட்டி, 'இதைத் தயாரிக்கலாம்' என்று எழுத்துப்பூர்வமாக வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்வது எதுவும் உதவாது.

'தயாரிக்கும் பொருளை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன்' என்ற வாக்குறுதியிலும் கவனம் வேண்டும். மிஷின் விற்பனையில்தான் அவருக்கு லாபம். அது கைக்கு வந்த பிறகு, 'தரம் சரியில்லை' என்று ஒரு காரணம் சொன்னால் போதும். சரக்கு குழுவின் தலையில் விழும். கடனுக்குப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து பொறுப்பு. ஒருவர் தவணை தவறினாலும், அடுத்து பயிருக்காகக் கடன் கேட்கும்போது எல்லோரையும் பாதிக்கும். முன்பணம் கொடுத்திருந்தால், அரசு ஆணையைக் குறிப்பிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்வது நல்லது.

''அப்படியானால், இந்தப் பகுதியில் ஒரு மகளிர் குழு என்னதான் தயாரிக்கலாம்? பாக்கு மட்டைத் தட்டு, பேப்பர் பை, துணிப்பை... எது சரி?''

மிஷினைப் பார்த்துத் தொழிலை முடிவு செய்யக் கூடாது. மூலப்பொருள் எங்கே கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். பாக்கு மட்டைத் தட்டு நல்ல பொருள். பூச்சு இல்லை, மண்ணில் மட்கும். ஆனால், செங்கல்பட்டு மாவட்டத்தில் பாக்குத் தோப்புகள் கிடையாது. சேலம் பக்கத்தில் இருந்தோ கர்நாடகாவில் இருந்தோ மட்டையை வண்டியில் ஏற்றி வர வேண்டும். வண்டி வாடகை லாபத்தைத் தின்றுவிடும்.

கையருகில் இருப்பவை வாழை, பனை, தென்னை. வாழை இலைக்கு மாமல்லபுரம், கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் உணவகங்களில் நிரந்தரத் தேவை இருக்கிறது. இலைக்கென்றே வாழை வைத்திருக்கும் விவசாயிகளிடம் பேசி, அளவு பார்த்து நறுக்கி, கட்டுக்கட்டி தினமும் கொண்டு போய்க் கொடுப்பதே ஒரு தொழில்தான். மந்தாரை மரங்கள் பக்கத்தில் இருந்தால், அந்த இலையை ஈர்க்குச்சியால் தைத்துத் தையல் இலை செய்யலாம். வட தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதத்துக்கும் கல்யாண வீடுகளுக்கும் பழக்கமான பொருள் இது. பனை ஓலைப் பெட்டி, கொட்டான் ஆகியவை பலகாரம் கட்டிக் கொடுக்கவும், சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கவும் ஏற்றவை.

அதிக முதலீடு இல்லாத இன்னொரு வழி, பாத்திர வாடகை. எவர்சில்வர் டம்ளரும் தட்டும் சில நூறு வாங்கி வைத்து, காதுகுத்து, வளைகாப்பு, கிராமத் திருவிழா என்று வாடகைக்கு விடலாம். கழுவிக் கொடுப்பதற்குத் தனிக்கட்டணம் வாங்கலாம். பேப்பர் கப் ஒரு முறையோடு முடிந்துவிடும். எவர்சில்வர் டம்ளர் பல ஆண்டுகள் உழைக்கும். நசுங்கினாலும் எடைக்குப் போகும். டீக்கடைகளுக்கும் இதே கணக்குதான். கண்ணாடி டம்ளரையும் கொதிநீரையும் வைத்துத்தான் நம் ஊர் டீக்கடைகள் இத்தனை காலம் ஓடின.

பழைய செய்தித்தாளில் கவர் ஒட்டுவது வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை. ஆனால், அதை எங்கே விற்கிறோம் என்பதில் கண்டிப்பு வேண்டும். மருந்துக்கடை, ஹார்டுவேர் கடை, வளையல் கடைகளுக்குக் கொடுக்கலாம். பஜ்ஜி, வடை, சுண்டல் கடைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அச்சு மையில் உள்ள நிறமிகளும் கரைப்பான்களும் எண்ணெயோடு சேர்ந்து உணவில் ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2016-ம் ஆண்டிலேயே இதுகுறித்து எச்சரித்தது. உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதையும் வைப்பதையும் அந்த ஆணையத்தின் 2018-ம் ஆண்டு பேக்கேஜிங் விதிமுறைகள் தடை செய்கின்றன. பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுப்பதற்குக்கூடச் செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு வாழை இலைச் சருகு போதும்.

துணிப்பை தைக்கலாம். 2021-ம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்குப் பிறகு, துணிப்பைக்குத் தேவை கூடியிருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, கடைகளில் கொடுக்கும் பைகளை ஒப்பிட்டது. புவி வெப்பமாதல் கணக்கில் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டும் என்றால், காகிதப் பையை 3 முறையும், புதிய பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் முடிவு. பருத்தி விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் ஆகும் தண்ணீரும் மின்சாரமும் அவ்வளவு. இதற்காகத் துணிப்பையைக் கைவிட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பை மாட்டின் வயிற்றிலும் கால்வாயிலும் செய்யும் கெடுதல் அந்தக் கணக்கில் இல்லை. இதில் விவசாயக் குடும்பத்துக்குப் புரிய வேண்டியது, புதிய துணியில் பை தைத்து மூலையில் போடுவதால் பயன் இல்லை என்பதுதான். பழைய வேட்டி, புடவை, தையல் கடையில் மீதமாகும் துண்டுத் துணி ஆகியவற்றில் தைத்த பை, முதல் நாளிலேயே லாபக் கணக்குக்கு வந்துவிடும்.

''கூவத்தூர் பக்கம் சவுக்கு சாகுபடி செய்கிறேன். காகிதத்தை அதிகம் பயன்படுத்தினால் மரம் அழியும் என்கிறார்கள். எங்கள் சவுக்கையே காகித ஆலைக்குத்தானே வாங்குகிறார்கள். எது உண்மை?''

காட்டு மரத்தை வெட்டிக் காகிதம் செய்தால் காடு அழியும். விவசாயி நட்டு, வளர்த்து, வெட்டி, மறுபடியும் நடும் மரத்தில் செய்தால் அது ஒரு பயிர். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-ம் ஆண்டு தமிழக அரசால் தொடங்கப்பட்டது. கரும்புச் சக்கையில் இருந்து காகிதம் தயாரிப்பதுதான் அதன் அடிப்படை நோக்கம். கரும்பின் எடையில் ஏறக்குறைய 30 சதவிகிதம் ஈரச் சக்கையாக மிஞ்சுகிறது. சர்க்கரை ஆலைகள் அதைக் கொதிகலனில் எரித்து வந்தன. 'உங்கள் கொதிகலனுக்கு வேறு எரிபொருள் தருகிறோம், சக்கையை எங்களுக்குக் கொடுங்கள்' என்ற ஏற்பாட்டில் அந்தச் சக்கை காகிதமானது. படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய விவசாயிகளுக்குச் சக்கை என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சக்கையோடு சவுக்கு, தைல மரம் ஆகியவற்றின் கூழும் இந்த நிறுவனத்துக்குத் தேவை. அதற்காகவே விவசாயிகளோடு பண்ணைக்காடு திட்டம் நடத்தி, கன்றுகள் கொடுத்து மரத்தை வாங்குகிறது.

சென்னைக் கடற்கரையில் சவுக்கு பரவியதே 19-ம் நூற்றாண்டில் விறகுத் தேவைக்காகத்தான். முக்கியமாக ரயில் இன்ஜின்களுக்கு எரிபொருளாக. பிறகு சாரக்கம்பு, பந்தல் கால் என்று மாறி, இப்போது காகிதக்கூழ் வரை வந்திருக்கிறது. வேர் முடிச்சுகள் மூலமாகக் காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் தன்மை இருப்பதால், மணல் நிலத்துக்கு ஏற்ற மரம். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சி.ஜே-9, சி.ஜே-10 போன்ற சவுக்கு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நடுவதற்கு முன்பே, கம்புக்கு விற்பதா, கூழுக்கு விற்பதா என்று முடிவு செய்துகொண்டால், இடைவெளியையும் வெட்டும் வயதையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

காகிதம் பாவமில்லை. ஒரு பக்கம் எழுதி மறுபக்கத்தை வெறுமனே தூக்கிப் போடுவதும், கூழாக வேண்டிய காகிதத்தில் பிளாஸ்டிக்கைப் பூசி எதற்கும் ஆகாமல் செய்வதும்தான் நஷ்டம்.

''செய்யூர் பகுதியில் இரண்டு ஏக்கரில் தர்பூசணி போடுகிறேன். ஹைபிரிட் விதையின் விலை அதிகம். நேரடியாக ஊன்றினால் எறும்பும் எலியும் பாதியைத் தின்றுவிடுகின்றன. பாலிதீன் பைக்குப் பதில் செய்தித்தாள் கப்பில் நாற்று விடலாமா?''

விடலாம். தர்பூசணி, பூசணி, சுரை, பீர்க்கன், பாகல் போன்ற கொடிகளுக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. பாலிதீன் பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடைந்து வேர் அறுந்துபோகும். காகித கப்பை அப்படியே குழியில் வைத்துவிடலாம் என்பதுதான் இதில் உள்ள லாபம்.

கருப்பு மை அச்சு உள்ள சாதாரணத் தாளாக எடுக்க வேண்டும். வழவழப்பான வண்ணத் தாள் வேண்டாம். செய்தித்தாளின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் மூன்று பட்டைகளாகக் கிழித்தால், ஒவ்வொன்றும் நான்கரை அங்குல அகலம் இருக்கும். அதை ஒரு டம்ளரைச் சுற்றிச் சுருட்டி, ஒன்றரை அங்குலம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, அந்தப் பகுதியை உள்பக்கமாக மடித்து, தரையில் வைத்து அழுத்தினால் அடிப்பகுதி தயார். டம்ளரை உருவிவிட்டால், 3 அங்குல உயர கப் கிடைத்துவிடும். பசையோ ஸ்டேப்ளர் பின்னோ தேவையில்லை. மண், மணல், நன்கு மட்கிய எரு அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, கப்புகளை ஒன்றோடு ஒன்று நெருக்கமாக ஒரு பழைய தட்டிலோ மரப்பெட்டியிலோ அடுக்க வேண்டும். இடைவெளி விட்டால் சரிந்துவிடும்.

கப்புக்கு ஒரு விதை ஊன்றி, பூவாளியால் லேசாகத் தெளிக்க வேண்டும். இரண்டு, மூன்று நிஜ இலைகள் வந்ததும், அதாவது 12 முதல் 15 நாட்களுக்குள், நட்டுவிட வேண்டும். 20 நாட்களைத் தாண்டினால் கப் கரைந்து கையில் எடுக்க முடியாது.

நடும்போது இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, அடிப்பகுதியை விரலால் கிழித்துவிட வேண்டும். இரண்டாவது, கப்பின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக் கூடாது. தெரிந்தால், கடல் காற்றில் அந்தக் காகிதம் திரி போல வேலை செய்து, வேர்ப் பகுதியின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். நாற்று வாடுவதற்கு நோய்தான் காரணம் என்று நினைத்து மருந்து அடிக்கும் செலவு இதனால் வருவதுண்டு. விளிம்பைக் கிழித்து எறிந்துவிட்டு மண் அணைத்தால் போதும்.

இரண்டு ஏக்கர் முழுவதுக்கும் ஆயிரக்கணக்கில் கப் சுருட்டுவதற்கு ஆள் கூலி கட்டுப்படியாகாது. மொத்தப் பரப்புக்கும் தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுதான் சரி. தட்டுகளைக் கழுவி நிழலில் வைத்தால் பல பருவங்களுக்குப் பயன்படும். போக்கிடம் நிரப்பவும், வீட்டுத் தோட்டத்துக்கும், பப்பாளி, முருங்கைக் கன்றுகளுக்கும் செய்தித்தாள் கப் போதும். இந்தப் பருவத்தில் 200 கப் மட்டும் செய்து ஓரிரு வரிசைகளில் நட்டு, நேரடி விதைப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவரவர் மண்ணுக்கு எது சரி என்று தெரிந்துவிடும்.

''மாமல்லபுரம் அருகே தென்னந்தோப்பு இருக்கிறது. ஹோட்டல்களில் அட்டைப் பெட்டிகளைச் சும்மாவே கொடுக்கிறார்கள். மூடாக்காகப் போடலாமா? மண்புழு உரத் தொட்டியில் போடலாமா?''

இரண்டுக்கும் பயன்படுத்தலாம். பெட்டியில் ஒட்டியிருக்கும் டேப், ஸ்டிக்கர், கம்பிப் பின் ஆகியவற்றை முதலில் உரித்துவிட வேண்டும். சாதாரணப் பழுப்பு அட்டையாக இருக்க வேண்டும். பளபளவென்று மேலே பூச்சு உள்ள பெட்டியைச் சேர்க்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அதே சோதனைதான். ஒரு துண்டை இரவு முழுக்க ஊறவைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூடாக்குக்கு, தென்னை வட்டப்பாத்தியில் முதலில் தண்ணீர் விட்டு, நனைத்த அட்டைகளை ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி பரப்ப வேண்டும். அதன் மேல் தென்னை ஓலை, மட்டை, வைக்கோல் என்று எதையாவது கனமாகப் போட வேண்டும். வெறும் அட்டையாக விட்டால் கடற்காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கோரை தவிர மற்ற களைகள் நன்றாகவே அடங்கும். கோரை அட்டையையும் துளைத்து வரும். அதைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

கறையான் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. காகிதமும் அட்டையும் கறையானுக்கு விருந்து. கடலோர மணலைவிட, உள்ளே தள்ளிச் செம்மண் பகுதியில் தொல்லை அதிகம். மரத்தின் தூரில் இருந்து ஒரு அடி தள்ளியே அட்டையைப் பரப்ப வேண்டும். இளம் கன்றுகளுக்கு அட்டை மூடாக்கே வேண்டாம். ஈரம் இருக்கும் வரை கறையான் தொல்லை குறைவாக இருக்கும். காயவிட்டால் புற்று கட்டும்.

மண்புழு உரத் தொட்டியில் போடும்போது, காகிதத்தில் கரிமச்சத்து மட்டுமே அதிகம், தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். காகிதத்தை மட்டும் குவித்தால் மட்காது. ஒரு பங்கு கிழித்து நனைத்த காகிதத்துக்கு, மூன்று பங்கு ஆறிய சாணமும் பச்சைக் கழிவும் என்ற அளவில் கலந்தால் சரியாக வரும். முழுத்தாளாகப் போட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டி, காற்று புகாமல் நாற்றம் வரும். சமையல் கழிவில் தண்ணீர் அதிகமாகித் தொட்டி சொதசொதவென்று ஆனால், கைப்பிடி காகிதத் துண்டுகளைப் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

தொட்டியில் போடவே கூடாதவை: பேப்பர் கப், பேப்பர் தட்டு, ஹோட்டல் பார்சலின் பளபளப்புத் தாள், பால் மற்றும் ஜூஸ் வரும் அட்டை டப்பா, கடைகளில் மிஷினில் அடித்துக் கொடுக்கும் வழவழப்பான பில். பேப்பர் கப்பைப் போட்டால், ஆறு மாதம் கழித்து உரம் சலிக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் தாள் மட்டும் சல்லடையில் நிற்கும். சலிக்காமல் வயலில் போட்டால், மண்ணிலேயே தங்கிவிடும்.

''பிள்ளைகளின் பழைய நோட்டுகள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. எடைக்குப் போட்டால் சொற்ப காசுதான். என் மாமியார், 'அந்தக் காலத்தில் காகிதத்தை ஆட்டிக் கூடை செய்வோம்' என்கிறார். எப்படி என்று சொல்ல முடியுமா?''

மாமியாரிடமே கேட்டுச் செய்வதுதான் நல்லது. கைப்பக்குவம் அவருக்குத் தெரிந்திருக்கும். பொதுவான முறை இது.

முதலில் நோட்டுகளைப் பிரித்து, எழுதாத தாள்களை எடுத்துத் தைத்துக் கணக்கு எழுத வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் காலியாக உள்ளவற்றை, பால் கணக்கு, ஆள் கூலிக் கணக்கு எழுத ஒதுக்கலாம். மீதியைக் கிழித்துத் தண்ணீரில் இரண்டு, மூன்று நாட்கள் ஊறவைக்க வேண்டும். தினமும் தண்ணீரை மாற்றினால் மையும் நாற்றமும் போகும். ஒரு கிலோ காகிதத்துக்கு 50 முதல் 100 கிராம் வரை வெந்தயத்தை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லிலோ உரலிலோ மைய ஆட்டவும் இடிக்கவும் வேண்டும். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. அதன் கசப்புக்குப் பூச்சி எளிதில் வராது.

கூழைப் பிழிந்து, கவிழ்த்து வைத்த குடம் அல்லது அன்னக்கூடையின் மேல் ஈரத் துணியைப் போர்த்தி, விரல் கனத்துக்கு அப்பி, கையால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். முதல் நாள் நிழலிலும், அடுத்த மூன்று, நான்கு நாட்கள் வெயிலிலும் காயவிட்டால், தானாகக் கழன்று வரும். வெந்தயமும் மஞ்சளும் சேர்த்து அரைத்த விழுதை உள்ளும் புறமும் ஒரு முறை பூசிக் காயவைத்தால் உறுதியாகும். பழைய மூங்கில் முறம், கூடை ஓட்டையாகிப்போனால், இதே கூழைப் பூசி அடைக்கலாம். முறத்துக்கு மேலும் பல வருடங்கள் ஆயுள் கிடைக்கும்.

பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி அடைமழையில் செய்தால் பூஞ்சணம் பிடிக்கும். கூடையில் தண்ணீர் படக் கூடாது. விதை வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், துணிமணி, பூத்தொடுக்கும் நார் போன்றவற்றைப் போட்டு வைக்கலாம். சாப்பிடும் பொருள் வைக்கும் கூடைக்கு நோட்டுத் தாள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். செய்தித்தாள், வண்ண விளம்பரத் தாள் வேண்டாம்.

ஊறவைத்த காகிதத்தைக் கையால் பிசையும்போது, வழவழப்பான துணுக்கு ஏதாவது கரையாமல் விரலில் தட்டுப்பட்டால், அதைப் பொறுக்கி வெளியே எறிந்துவிட வேண்டும். நோட்டு அட்டையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் அது. கூழில் சேர்ந்தால் கூடை அந்த இடத்தில்தான் முதலில் விரியும்.